நாரைத் தலைவரின் மடங்கிய கால்

இரண்டு பருவமும் மழை ஏமாற்றிவிட்டுப் போன ஒரு காட்டில், ஒரே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. அந்தக் காட்டின் உயிர்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் குடியிருந்தன.

அவற்றுக்கு ஒரு தலைவர் உண்டு. குணாளன் என்கிற நாரை. சும்மா வந்து உட்கார்ந்த தலைவர் இல்லை, குழந்தைகளே. தேர்தலில் ஜெயித்து வந்த தலைவர். வேண்டும் என்கிறவர்கள் வாலைத் தூக்க வேண்டும், வேண்டாம் என்கிறவர்கள் வாலைத் தொங்கவிட வேண்டும். அதுதான் அந்தக் காட்டு ஓட்டு. மூன்றே மூன்று வால் வித்தியாசத்தில் குணாளன் ஜெயித்தது. அதில் ஒரு வால் ஆமையினுடையது. அது தூக்கியிருக்கிறதா இல்லையா என்று குனிந்து இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

நாரையைத் தலைவராக்கியதற்குக் காரணம் அதன் நீளமான கால். மடுவின் நடுவே ஒரு தட்டைக்கல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. தினமும் பொழுது விடிந்ததும் தலைவர் அந்தக் கல்லின்மேல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கரையில் கூடியிருப்பவர்கள், "தலைவரே, தண்ணி எங்க நிக்குது?" என்று ஒரே குரலில் கேட்பார்கள். காலில் எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதோ, அதைத் தலைவர் உரக்கச் சொல்லும். அதுதான் அன்றைய சேதி.

முட்டிக்கு மேலே நின்றால் குடிக்கலாம், குளிக்கலாம், புரளலாம். முட்டியில் நின்றால் குடிக்க மட்டும்தான். அதற்கும் கீழே, நடுக்காலுக்கு இறங்கிவிட்டால், மெதுவாக நடக்கிறவர்கள் அன்றைக்கே ஆற்றுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

ஏன் அவர்கள் மட்டும்? மலைக்கு அப்பால் ஆறு இருந்தது. ஆனால் போகிற வழி முழுக்க மொட்டைப் பாறை. மான் காலையில் கிளம்பினால் மாலையில் போய்ச் சேர்ந்துவிடும். ஆமைக்கோ பதினோரு நாள். ஆறாம் நாள் நடையில் ஒரு சின்னச் சுனை வரும். அந்தச் சுனைக்கும் மடுவுக்கும் பூமிக்கடியில் ஒரே ஊற்று. மடு நடுக்காலுக்கு இறங்கிய நாளிலிருந்து எட்டு நாள்தான் சுனை தாங்கும். அதற்குப் பிறகு அங்கே ஈரம்கூட இருக்காது.

வடிவு என்கிற ஆமைக்கு அந்த வருஷம்தான் ஏழு குஞ்சுகள் பொரிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். வடிவு யார் பேச்சையும் சந்தேகப்பட்டதில்லை. தலைவர் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். தினமும் எல்லோரும் கேட்டு முடித்த பிறகு அது தனியாக இன்னொரு கேள்வி கேட்கும்.

"நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்பணுமா, தலைவரே? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

குணாளன் நல்ல நாரைதான். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. யாருடைய முகமாவது வாடினால் அதற்குத் தாங்காது. அதனால்தான் தேர்தல் அன்று தேவையே இல்லாமல் ஒரு வாக்குறுதியும் கொடுத்திருந்தது: "நான் தலைவனா இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் அந்தப் பாறை வழியில காலெடுத்து வைக்க வேண்டாம்!" கைதட்டல் பிரமாதமாக இருந்தது. மழையிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஒருநாள் காலை, தண்ணீர் முட்டிக்குச் சரியாக இறங்கியிருந்தது. அதைச் சொல்வதற்காக நாரை வாயைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு அதன் விரலைக் கவ்வியது. வலியில் கால் வெடுக்கென்று மடங்கியது. உடம்பு தாழ்ந்தது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு முட்டி தண்ணீருக்குள் இருந்தது.

"முட்டிக்கு மேல! முட்டிக்கு மேலதான் நிக்குது!" என்று கரையே துள்ளியது.

இல்லை என்று சொல்லத்தான் குணாளன் நினைத்தது. ஆனால் வடிவின் முகத்தைப் பார்த்தது. அத்தனை நாளும் பயந்து சுருங்கியிருந்த முகம் அன்று மலர்ந்திருந்தது.

"ஆமா, முட்டிக்கு மேல," என்றது குணாளன்.

மறுநாள் நண்டு வரவில்லை. குணாளனே காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டது. இன்று ஒருநாள்தான், நாளைக்கு நிமிர்ந்து நின்று உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தது. நாளை வந்தது. அன்றும் நாளைக்கு என்றே நினைத்தது.

தண்ணீர் இறங்க இறங்க, கால் இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டியிருந்தது. ஒற்றைக் காலை மடக்கி, முழு உடம்பையும் அதன்மேல் தாங்கி, சிரித்த முகமாகவும் நிற்பது எவ்வளவு சிரமம் என்று நீங்களே ஒரு தடவை நின்று பாருங்கள், தெரியும்.

கரையில் ஒரு காய்ந்த கட்டையின்மேல் ஓணான் உட்கார்ந்திருக்கும். அதுதான் தலைவரின் காரியதரிசி. தலைவர் சொல்லும் சேதியைத் தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி கத்துவது அதன் வேலை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது அதன் பழக்கம்.

"ஓணான், மடு குறைஞ்சுட்டே போகுது. சொல்லிடலாமா?" என்று குணாளன் மெல்லக் கேட்டது.

ஓணான் தலையாட்டியது.

"சொன்னா எல்லாரும் பயந்து போவாங்க. சொல்லாம இருக்கிறதுதான் நல்லதோ?"

அதற்கும் ஓணான் தலையாட்டியது.

இப்படி ஒரு ஆலோசகர் இருந்தால் தலைவர் யாரைத்தான் கேட்பது?

கொம்பையா என்கிற காட்டுப்பன்றி மட்டும் அந்த நாட்களில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. சேற்றில் புரளாவிட்டால் அதற்கு உடம்பு தினவெடுக்கும். முட்டிக்கு மேல் தண்ணீர் என்றால் புரளலாம் என்பது சட்டம். தினமும் இரண்டு வேளை மடுவில் இறங்கி, புரண்டு, கலக்கி, உடம்பெல்லாம் தண்ணீரை வாரிக்கொண்டு ஏறியது. ஒருநாள் குணாளன் அதன் பக்கத்தில் போனது.

"கொம்பையா, கொஞ்ச நாளைக்குக் குளியலைக் குறைச்சுக்கலாமே?"

"ஏன் தலைவரே? தண்ணிக்குப் பஞ்சமா?"

"சேச்சே, பஞ்சமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன? முட்டிக்கு மேலன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

பன்றி மறுபடி மடுவில் இறங்கியது.

பத்தாம் நாள் காலை, எல்லோரும் வருவதற்கு முன்பே குணாளன் கல்லின்மேல் போய் நிமிர்ந்து நின்று பார்த்தது. தண்ணீர் நடுக்காலில் நின்றது.

இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? பத்து நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நண்டின்மேல் பழியைப் போடலாம். ஒருநாளைக்குச் சரி, பத்து நாளுக்கா?

அது யோசித்துக்கொண்டிருந்தபோதே கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "தலைவரே, தண்ணி எங்க நிக்குது?" என்ற குரல் எழுந்ததும் கால் தானாகவே மடங்கியது. பழகிப்போன கால் அல்லவா?

"முட்டியில நிக்குது," என்றது குணாளன். மேலே என்று சொல்ல அதற்கே கூச்சமாக இருந்தது. "கவலை வேண்டாம். யாரும் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட ஒண்ணுமே இல்ல!"

ஓணான் அதை அப்படியே மூன்று முறை கத்தியது.

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "நாம கவலைப்படுறோம்னு யார் சொன்னா?" என்று ஒரு மான் முணுமுணுத்தது. அன்றிலிருந்து ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு கலக்கம் புகுந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் இரண்டு வாய் அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தார்கள். குளிக்க முடியாத கோபத்தில் கொம்பையா வயிறு முட்டக் குடித்தது. மடு இன்னும் வேகமாக இறங்கியது.

"நான் கிளம்பணுமா, தலைவரே?" என்று வடிவு கேட்டது. அதன் முதுகின்மேல் ஒரு குஞ்சு ஏறி விளையாடிக்கொண்டிருந்தது.

இந்த ஒரு கேள்விக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குணாளனுக்கும் அது தெரியும். ஆனால் அது முதுகின்மேல் இருந்த குஞ்சைப் பார்த்தது.

"இப்ப எதுக்கு? இந்தப் பச்சைப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு அந்த வெயில்லயா? இரு, பார்க்கலாம்."

"நீங்க சொன்னாச் சரி," என்று வடிவு திரும்பிப் போனது.

தண்ணீர் நடுக்காலுக்கு இறங்கிய பிறகு மூன்றாம் நாள், மேற்கே கொஞ்சம் மேகம் திரண்டது. குணாளன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. ஒரே ஒரு மழை பெய்தால் போதும், சொன்ன பொய் எல்லாம் உண்மையாகிவிடும். அன்று முழுவதும் அது ஒரு மீனைக்கூடத் தொடவில்லை. மேகம் மலையைத் தொட்டது, கொஞ்ச நேரம் நின்றது, வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலை. தண்ணீர் பாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. குணாளன் காலைக் கிட்டத்தட்ட படுக்க வைத்து, வயிற்று இறகு நனையக் கல்லின்மேல் குந்தியிருந்தது. கால் வெடவெடவென்று நடுங்கியது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

அன்று பார்த்து வடிவுக்கு ஒரு ஆசை வந்தது. பிள்ளைகளைத் தலைவரிடம் நேரிலேயே காட்டி நன்றி சொல்ல வேண்டும். ஏழு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, கல்லை நோக்கி அடியிலேயே நீந்திப் போனது.

குழந்தைகளே, கரையில் இருந்தவர்கள் எல்லோரும் தண்ணீருக்கு மேலே பார்த்தார்கள். வடிவு ஒன்றுதான் தண்ணீருக்குக் கீழே பார்த்தது. மடங்கி, சாய்ந்து, நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு தலையை வெளியே நீட்டியது.

"கால் வலிக்கலையா, தலைவரே?" என்று மட்டும் கேட்டது.

குணாளனின் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது.

"வடிவு, சத்தம் போட்டுடாதே. எல்லாரும் பயந்துடுவாங்க. அவங்க நல்லதுக்குத்தான்..."

"நடுக்காலுக்கு எறங்கி எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு," என்றது குணாளன். அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

"அப்போ சுனை இன்னும் மூணு நாள்தான் இருக்கும். நான் அங்க போய்ச் சேர ஆறு நாளாகும்." வடிவு ஏழு குஞ்சுகளையும் திரும்பிப் பார்த்தது. "உங்களுக்கு இறக்கை இருக்கு, தலைவரே. நாளைக்கே மடு வத்தினாலும் நீங்க ஒரு பொழுதுல ஆத்துல இறங்கிடுவீங்க. எனக்கு இருந்தது அந்த நாளுங்கதான்."

வடிவு திட்டவில்லை, அழவில்லை. அதுதான் குணாளனைக் கொன்றது. அத்தனை நாளும் யார் முகம் வாடக்கூடாது என்று காலை மடக்கியதோ, அந்த முகம் இப்போது கண்ணெதிரே செத்துப்போய் இருந்தது.

கரையில் வழக்கமான குரல் எழுந்தது: "தலைவரே, தண்ணி எங்க நிக்குது?"

குணாளன் காலை நீட்டியது. மரத்துப்போயிருந்த கால் உடனே நிமிரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தள்ளாடி, நிமிர்ந்து நின்றது என்று சொல்லலாம், நாரைக்குப் பல் இருந்தால். முட்டி வெளியே வந்தது. நடுக்கால் வெளியே வந்தது. பாதம் வரைக்கும் வெளியே வந்துவிட்டது.

கரையில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"பாதத்துல நிக்குது," என்றது குணாளன். "அஞ்சு நாளைக்கு முன்னாடியே நடுக்காலுக்கு எறங்கிடுச்சு. நான் காலை மடக்கி உங்களை ஏமாத்தினேன். மெதுவா நடக்கிறவங்களுக்கு நேரம் தாண்டிடுச்சு. மத்தவங்க இன்னைக்கே கிளம்புங்க. இதுதான் இன்னைக்குச் சேதி."

ஓணான் முதன்முறையாகத் தலையாட்ட மறந்து உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. கொம்பையா தண்ணீருக்குள் பாய்ந்து வந்து நாரையின் முன்னால் நின்றது.

"இத்தனை நாளா என்னை வேடிக்கை பார்த்துட்டா இருந்தே? தண்ணி இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் புரண்டிருப்பேனா? இந்தப் பிள்ளைங்க குடிக்க வேண்டிய தண்ணியிலயா நான் குளிச்சேன்?"

குணாளன் தலை குனிந்தது. "வடிவு, நான் பிள்ளைங்களை ஒவ்வொண்ணா என் அலகுல தூக்கிட்டுப் போய் ஆத்துல விட்டுடறேன்."

வடிவு குஞ்சுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"வேண்டாம். உங்க வாயை நம்பித்தான் இத்தனை நாள் இங்க இருந்தேன்."

கொம்பையா மடுவின் ஓரத்தில் மிச்சமிருந்த சேற்றில் போய்ப் படுத்தது. முதுகெல்லாம் கனமாகச் சேறு அப்பிக்கொண்டு எழுந்து வந்தது.

"ஏறச் சொல்லும்மா பிள்ளைங்களை. ஈரம் காயறதுக்குள்ள ஓடிடறேன்."

ஏழு குஞ்சுகளும் சேற்றுக்குள் பதுங்கின. வடிவும் ஏறிப் பார்த்தது, வழுக்கி விழுந்தது. இன்னொரு தடவை முயன்றது. நேரம் போய்க்கொண்டிருந்தது. "நீ போ, நான் நடந்து வர்றேன்," என்றது. பன்றி கிளம்பியதும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு நடக்க ஆரம்பித்தது.

குணாளனும் கூடவே நடந்தது. யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் நடந்தது. தினமும் இரண்டு முறை ஆற்றுக்குப் பறந்து போய் அலகில் தண்ணீர் எடுத்து வரும். பாதி வழியிலேயே சிந்திவிடும். மிச்சத்தை வடிவின் வாயில் ஊற்றும். வடிவு குடித்துவிட்டுப் பேசாமல் நடக்கும். ஆறாம் நாள் சுனை வந்தது. அதன் அடியில் வெறும் வெடிப்பு. வடிவு அந்த வெடிப்பை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு மேலே நடந்தது.

அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தது. "இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதோ, பக்கத்துல..." என்று தொடங்கிய குணாளன் சட்டென்று நிறுத்திக்கொண்டது. "இன்னும் அஞ்சு நாள். பாறை இன்னும் சுடும். நாளைக்கு நிழலே கிடையாது."

வடிவு காலை முன்னே எடுத்து வைத்தது. "அப்போ இப்பவே நடந்துடறேன். வெயில் ஏறினா படுத்துக்கிறேன்," என்றது.

பதினோராம் நாள் ஆறு தெரிந்தது. கரையில் கொம்பையா காத்திருந்தது. வடிவைப் பார்த்ததும் அது எழுந்து வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டது.

தண்ணீர் ஓரத்தில் ஐந்து குஞ்சுகள் இருந்தன.

"மத்தியானத்துலயே சேறு காஞ்சு உதிர ஆரம்பிச்சிடுச்சும்மா," என்றது கொம்பையா. "ரெண்டு பேர் அதோட விழுந்துட்டாங்க. திரும்பிப் போய்த் தேடினேன். வழி முழுக்கத் தேடினேன்."

வடிவு ஐந்து குஞ்சுகளையும் ஒவ்வொன்றாக மூக்கால் தொட்டது. தொட்டு முடித்துவிட்டு, இல்லாத இரண்டுக்காக மறுபடியும் முதலிலிருந்து தொட்டது. குணாளன் அதைப் பார்க்க முடியாமல் முகத்தை இறகுக்குள் புதைத்துக்கொண்டது.

மறுநாள் எல்லோரும் ஆற்றங்கரையில் கூடினார்கள். "நான் தலைவரா இருக்கிறதுக்கு லாயக்கில்ல. வேற யாரையாவது வைங்க," என்றது குணாளன்.

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள்.

"வேற யார் காலு இவ்வளவு நீளம்?" என்றது வடிவு. "அவரே நிக்கட்டும். ஆனா காலை நான் பார்த்த பிறகுதான் அவர் வாயைத் திறக்கணும்."

வால்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எல்லாம் உயரவில்லை. போன தடவையைவிடக் குறைவுதான். ஆனால் போதுமான அளவுக்கு உயர்ந்தன.

அன்றிலிருந்து தினமும் காலையில் நாரை ஆற்றுக்குள் ஒரு கல்லின்மேல் நிற்கும். யாரும் உடனே கேள்வி கேட்பதில்லை. வடிவு ஐந்து குஞ்சுகளோடு தண்ணீருக்கு அடியில் நீந்திப் போய்ப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டும். அதற்கப்புறம்தான் கரையில் குரல் எழும்.

ஒருநாள் தண்ணீர் நேற்றைவிட ஒரு விரற்கடை குறைந்திருந்தது. கரையில் எல்லா முகங்களும் குணாளனையே பார்த்தன. பழைய பழக்கத்தில் மடங்கப் போன காலை அது நேராக்கிக்கொண்டது.

"நேத்தைவிடக் குறைஞ்சிருக்கு," என்றது குணாளன்.

முகங்கள் வாடின. கொம்பையா பெருமூச்சு விட்டபடி சேற்றிலிருந்து எழுந்து வெளியே வந்தது. வடிவு நாரையின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் நேராக நின்ற காலைப் பார்த்துவிட்டு, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பியது.

நீதி: ஆபத்தை மறைத்துச் சொல்லும் ஆறுதல், தப்பிப்பதற்கு இருந்த நாட்களைத் திருடிவிடும்.